மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை, ஒரு நாள் கூலி 850 ரூபாய். ஐந்து மாதத்துக்கு முன்பு வேலை முடிந்து தன் டூவீலரில் திரும்பும்போது, கரூர் சாலையில் பின்னால் வந்த லாரி மோதிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறுபது சதவீத ஊனம் என்று மருத்துவக் குழுவில் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். லாரி டிரைவர் மேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது, லாரிக்கு இன்சூரன்ஸும் உண்டு. லாரி உரிமையாளர் தரப்பில் ஒருவர் வீட்டுக்கு வந்து, “மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள், கேஸுக்குப் போனால் இதுகூட வராது” என்கிறார். இன்னொருவர், “கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், வருகிற பணத்தில் முப்பது சதவீதம் கொடுத்தால் போதும்” என்கிறார். என் கணவரிடம் லைசென்ஸ் இல்லை, அன்றைக்கு ஹெல்மெட்டும் போடவில்லை. சம்பளச் சீட்டு என்று எதுவும் கிடையாது. “காலைக் காட்டிக் காசு கேட்கணுமா?” என்று அவரும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். என்ன செய்வது? கேஸ் போட்டால் இந்த நிலையில் அவரைக் கோர்ட்டுக்கு அலைய விடுவார்களா?
— நாமக்கல் மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் விபத்து நடந்த தேதியைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இந்த ஆறு மாதக் கெடு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. தாமதம் என்ற காரணத்தைச் சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. ஆனாலும் இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அதை நம்பி நீங்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே, இந்த வழக்குகளை விசாரிக்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இடம் உண்டு. அப்படி அறிக்கை போயிருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேட்டு, நகல் வாங்கி வையுங்கள். போயிருந்தாலும் உங்கள் மனு தனியாகப் போகட்டும்.

மனு போடக் கரூருக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் எல்லைக்கு உட்பட்ட தீர்ப்பாயத்திலேயே போடலாம். நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) தாக்கல் செய்ய வேண்டும் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

சரி, மூன்று லட்சத்துக்கு வருவோம். கையெழுத்துப் போடாதீர்கள். முத்திரைத்தாளிலும் வேண்டாம், வெள்ளைத்தாளிலும் வேண்டாம். முறையான சமரசத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு அதிகாரி தீர்ப்பாயத்தின் முன்பு தொகையைச் சொல்வார். நீங்கள் சம்மதித்தால் நீதிபதி அதைப் பதிவு செய்வார். லோக் அதாலத்திலும் பேசி முடிக்கலாம், ஆனால் அங்கே சம்மதித்துவிட்டால் பிறகு அப்பீல் கிடையாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவசரப்படுத்துகிறவர் இந்த இரண்டு வழியிலும் வரவில்லை.

இன்னொரு வலையும் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே, படுகாயத்துக்கு இரண்டரை லட்சமும் மரணத்துக்கு ஐந்து லட்சமும் வாங்கிக்கொள்ள 164ஆம் பிரிவு வழி செய்கிறது. யார் தப்பு என்று சொல்லவே முடியாத விபத்துகளில் அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தொகையைச் சமரசமாக ஏற்றுக்கொண்டால் எதிர்த்தரப்பின் தப்பை நிரூபித்து முழு இழப்பீடு கேட்டு 166ஆம் பிரிவின் கீழ் போட்ட பெரிய மனு அத்தோடு காலாவதியாகிவிடும். உங்கள் கணவர் மேல் பின்னால் இருந்து வந்து மோதியிருக்கிறார்கள், டிரைவர் மேல் வழக்கும் பதிவாகியிருக்கிறது. உங்களுக்கு உரியது 166. “உடனே இரண்டரை லட்சம்” என்று யாராவது காகிதத்தை நீட்டினால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கணக்கைப் பார்த்தால் தெரியும்.

நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஊனம் எத்தனை சதவீதமோ, அதை ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள். மூவாயிரம், ஐந்தாயிரம் என்று வைப்பார்கள். அறுபது சதவீதத்தை ஐந்தாயிரத்தால் பெருக்கினால் வருவது மூன்று லட்சம். உங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்ன தொகை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

ஆனால் சம்பாதிக்கும் திறனையே இழந்தவருக்கு அது சரியான கணக்கு இல்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மருத்துவர் சொல்லும் சதவீதம் உடம்பைப் பற்றியது. அந்தக் குறையால் இந்த மனிதரின் பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பதைத் தீர்ப்பாயம் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்தத் தீர்ப்பில் கொடுத்த உதாரணம் இது: இடது கை போன ஒருவருக்கு மருத்துவச் சான்று அறுபது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமானம் ஏறக்குறைய நூறு சதவீதமும் போய்விடலாம். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து வேலையும் தொடர்ந்தால் வருமான இழப்பே இல்லாமலும் போகலாம். இதைத்தான் வக்கீல்கள் ‘ஃபங்ஷனல் டிஸெபிலிட்டி’ என்கிறோம். நம் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றிலும் 2020இல் உச்ச நீதிமன்றம் வருமான இழப்பைப் பெருக்குத்தொகை முறையில்தான் (வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் முறை) கணக்கிட வைத்தது.

இனி உங்கள் கணவரின் கணக்கு. மாதத்தில் பதினெட்டு நாள்தான் வேலை என்று குறைத்து வைத்தாலும் பதினைந்தாயிரம் வருகிறது. 40 வயதுக்குக் கீழே இருக்கிற, சொந்தமாக உழைத்துச் சம்பாதிக்கிறவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் இந்த அளவை வகுத்தது, நிரந்தர ஊனமடைந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் சொல்கின்றன. ஆக மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரை பெருக்குத்தொகை 15. பெருக்கினால் 37,80,000. இதில் அறுபது சதவீத இழப்பு என்றால் 22,68,000. எண்பது சதவீதம் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால் 30,24,000. உயிரோடு இருப்பவரின் கணக்கில், இறந்தவர் வழக்கில் கழிப்பது போலச் சொந்தச் செலவைக் கழிக்கக் கூடாது.

இது வருமான இழப்பு மட்டும். மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் போன கூலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கான தொகை, வண்டி வாடகை, வலிக்கும் வேதனைக்கும் உரியது எல்லாம் தனித்தனித் தலைப்பில் வரும். செயற்கைக் காலை மறக்காமல் கேளுங்கள். அது ஒரு தடவை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் உழைக்கிற பொருள் இல்லை. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நடுவில் பழுது பார்க்க வேண்டும். கால் இழந்த ஒருவர் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இந்தச் செலவையும் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. நல்ல செயற்கைக் கால் செய்து தருகிற இடத்தில் எழுத்துமூலம் மதிப்பீடு வாங்கி மனுவோடு வையுங்கள்.

இந்தத் தொகை கட்டாயம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வருமானத்தைத் தீர்ப்பாயம் குறைத்து எடுக்கலாம், எதிர்த்தரப்பு அப்பீல் போகலாம், எல்லாம் முடிய ஒன்றிரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். தாமதத்துக்கு வட்டி உண்டு, பெரும்பாலும் ஏழரை சதவீதம். மனு தாக்கல் செய்த நாளிலிருந்துதான் அது ஓடும். சீக்கிரம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சம்பளச் சீட்டு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். 2008இல் விபத்தில் கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், இப்படிப்பட்ட தொழில் செய்கிறவரிடம் வருமானச் சான்று கேட்பதே சரியில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தக் காகிதமும் இல்லாமலேயே அவருக்கு மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று ஏற்றுக்கொண்டது. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட காலத்துக் கூலி அது.

ஆனாலும் கையில் கிடைப்பதைத் திரட்டத்தான் வேண்டும். பெரும்பாலான வழக்குகள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான். பெயின்டர் என்று ஒரு வார்த்தையில் மனுவை முடித்துவிடுவார்கள். அவர் என்ன பெயின்டர்? சாரத்தில் ஏறி வெளிச்சுவர் அடிப்பவரா, கயிற்றில் தொங்கி நான்கு மாடி அடிப்பவரா, வீட்டுக்குள் சுவர் அடிப்பவரா? இதைத் தெரியாமல் நீதிபதி எப்படி இழப்பை அளப்பார்? அவரைக் கூப்பிட்டுப் போன மேஸ்திரியோ காண்ட்ராக்டரோ சாட்சி சொல்லட்டும். கூலிக் கணக்கு எழுதிய நோட்டு, போனில் வந்த ஜி-பே வரவு, வேலை செய்யும் இடத்தில் சாரத்தின் மேல் நின்று யாரோ எடுத்த போட்டோ, எல்லாமே சாட்சியம்தான். செயற்கைக் கால் போட்டுக்கொண்டு தரையில் நின்று அடிக்கலாமே என்று இன்சூரன்ஸ் தரப்பு கேட்கும். முடிந்தால் முடியும் என்றே சொல்லச் சொல்லுங்கள். ஏணி ஏற முடியாதவருக்கு மேஸ்திரி எத்தனை நாள் வேலை கொடுப்பார், என்ன கூலி கொடுப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். பொய் வேண்டாம், இந்த வழக்கில் உண்மையே போதுமான பலத்தோடு இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி. ஸ்டேஷனிலிருந்து எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்தின் வரைபடம், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) அறிக்கை, குற்றப்பத்திரிகை. இவற்றோடு மருந்துச் சீட்டு, ஆம்புலன்ஸ் ரசீது வரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

லைசென்ஸ் விஷயம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது தப்பு, அதற்கு உள்ள அபராதம் வேறு. ஆனால் லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட முடியாது என்று 2008லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்துவிட்டது. மோதியது யார் ஓட்டிய விதத்தால் என்பதுதான் கேள்வி. ஹெல்மெட் போடாததற்காகச் சில வழக்குகளில் இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைப்பார்கள், அது தலைக்காயம் பட்ட வழக்குகளில். உங்கள் கணவர் இழந்தது காலை. ஹெல்மெட் போட்டிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று உங்கள் வக்கீல் கேட்கட்டும்.

ஒரு இடத்தில் மட்டும் லைசென்ஸ் இல்லாதது உங்களுக்கு நஷ்டம். வண்டி அவருடையது என்பதால், உரிமையாளரே ஓட்டும்போது விபத்தானால் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு அவருக்கு உண்டா என்று நீங்கள் தேடிப் பார்க்கலாம். அதற்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும், ஆகவே கிடைக்க வாய்ப்பில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் காப்பீடு 15 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஒரு கை அல்லது ஒரு கால் போனால் அதில் பாதி. நாமே ஸ்கிட் ஆகி விழுந்தால்கூட, யார் மேலும் வழக்குப் போட முடியாத அந்த நேரத்தில் பெரிதாகக் கைகொடுப்பது இது. பாலிசி புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம் என்று இதை எடுத்துவிடச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

முப்பது சதவீதம் கேட்கிறவரை அனுப்பிவிடுங்கள். வழக்கில் வருவதில் பங்கு பேசிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் விதியே இருக்கிறது. அவர் வக்கீலாக இருந்தாலும் கூடாது, புரோக்கராக இருந்தால் பேசவே வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். சொந்தமாக வக்கீல் வைத்தால் கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், நிரப்பாத தாளில் கையெழுத்து வேண்டாம், இழப்பீட்டுப் பணம் உங்கள் கணவரின் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

அதுவரை எப்படிச் சமாளிப்பது? முதலில் அவருடைய பேங்க் பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டமாக இருக்கும். கணக்குத் திறக்கும்போது போட்ட கையெழுத்தில் பலர் இதில் சேர்ந்திருப்பார்கள், அவர்களுக்கே தெரியாது. ஒரு கை அல்லது கால் நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம், இரண்டும் போனாலோ இறந்தாலோ 2 லட்சம். விபத்து நடந்து முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். உங்களுக்குத் தாமதமாகிவிட்டது, ஆனாலும் ஆஸ்பத்திரியில் இருந்த காரணத்தை எழுதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். இந்தப் பணம் வாங்கியதால் வழக்கில் வரும் தொகை குறையாது.

அடுத்து, அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். பெயின்டர்களும் அதில் வருவார்கள், விபத்து ஊனத்துக்கு உதவித்தொகை உண்டு. மருத்துவக் குழுவின் சான்றை வைத்துத் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது இருந்தால்தான் மற்ற கதவுகள் திறக்கும். வருவாய்த் துறை வழியாகக் கிடைக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனது. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு 75 சதவீதம் வேண்டும் என்பதால் அறுபதுக்கு அது வராது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் செயற்கைக் காலுக்கும் கேளுங்கள். இங்கே சரியாக அமையாவிட்டால் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. வருட வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துவிடுங்கள், அடுத்த சிகிச்சைகளுக்கு உதவும்.

உங்களைப் போலவே எழுதியிருந்த இன்னொருவருக்கும் இதில் ஒரு வரி: மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் படுகாயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் மத்திய அரசுத் திட்டத்தில் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலோடு கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இனி உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன். இதை அவரிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள். காலைக் காட்டிக் காசு கேட்பது என்று அவர் நினைப்பது எனக்குப் புரிகிறது. உழைத்தே வாழ்ந்த மனிதர் யாரிடமும் கை நீட்டியிருக்க மாட்டார். ஆனால் இங்கே அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. சாலையில் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே, அந்த வண்டியால் அடிபடுகிறவருக்குப் பணம் போய்ச் சேரத்தான். அந்த லாரியின் உரிமையாளர் வருடா வருடம் பிரீமியம் கட்டியது இதற்குத்தான். உங்கள் கணவர் கேட்காமல் விட்டால் அந்தப் பணம் கம்பெனியிடமே இருக்கும், டிரைவருக்கும் அதில் எந்த நன்மையும் இல்லை. போனது கால் மட்டுமில்லை, இன்னும் இருபது வருடம் அவர் சாரத்தில் நின்று சம்பாதித்திருக்கக்கூடிய கூலி. அந்தக் கூலி அவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது.

கோர்ட்டுக்கு அலைய விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வர வேண்டியதில்லை, வக்கீல் ஆஜரானால் போதும். சாட்சி சொல்ல ஒரு தடவை வர வேண்டியிருக்கும், மறுபடியும் மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால் அங்கே ஒரு தடவை. அன்றைக்கு மாடி ஏற முடியாது என்று முன்கூட்டியே வக்கீல் மூலம் சொல்லிவிடுங்கள். கீழ்த்தளத்திலேயே அவருடைய சாட்சியத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு கேட்கலாம், வரவே முடியாத நிலை என்றால் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரை வீட்டுக்கு அனுப்பிப் பதிவு செய்யவும் மனுப் போடலாம்.